நுவலா நுவற்சியும் அந்திவெளிக் கதைகளும்

தொலைக்காட்சி நாடகம் ஒன்றைப் பற்றிக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். சிலர்க்கு வெறுப்பையும் தரலாம். சங்கச் செய்யுளும் காப்பியமும் சமயப் பனுவலும் ஆராய்தற்கு அளவிறந்து கிடப்ப, அமெரிக்க நாட்டார் ஒரு காலத்தில் இரவுணவிற்குப் பின் பொழுதுபோக்காகக் கண்ட கதைகளை ஆராய்வதனாற் பயன் என்னை என்று ஆசிரியர் வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். சிறப்புத் தமிழ் வகுப்பில் அணியிலக்கணம் பயிலுங்கால் நூற்பாவளவில் மட்டும் நின்ற ஒரு செய்தி, இக்கதைகளைக் கண்ட பின்னர் உயிர்பெற்று எழுந்தது என்பதே எம் கருத்து.

'ட்வைலைட் ஸோன்' என்பது அக்கதைத் தொடரின் பெயர். பகலும் அன்றி இரவும் அன்றி இரண்டும் மயங்கி நிற்கும் பொழுதின் ஒளி பரந்த இடம் என்பது அப்பெயரின் கருத்து. ஈண்டு அதனை 'அந்திவெளி' என்றே வழங்குவோம். ஐக்கிய அமெரிக்க நாட்டுச் சி.பி.எஸ். நிறுவனத்தார் 1959-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் முதல் 1964-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 19-ஆம் நாள் வரை ஐந்து பருவங்களாக இதனை ஒளிபரப்பினர். கதைகள் 156. அவை ஒன்றற்கொன்று தொடர்பில்லாதவை; ஒவ்வொரு கிழமையும் புதிய மாந்தர், புதிய ஊர், புதிய சிக்கல். நான்காம் பருவத்தில் 1963-இல் வந்த 18 கதைகள் ஒரு மணி நேரத்தன. ஏனையவை அரைமணி நேரத்தன. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களே. அவற்றுள் 92 கதைகளைத் தாமே எழுதி, ஒவ்வொன்றன் தோற்றுவாயிலும் முடிவிலும் தாமே பேசியவர் ராட் செர்லிங் என்பார். நம் தெருக்கூத்திற் கட்டியக்காரன் கூத்திற்கு உள்ளும் புறம்பும் நிற்பது போன்றது அவர் நிலை. சார்லஸ் போமாண்ட், ரிச்சர்ட் மாத்திசன், ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன், ஏர்ல் ஹாம்னர் முதலியோரும் கதை எழுதியுள்ளனர்.

யாம் இதனைக் கண்டது தற்செயலாகவே. மழையால் விளையாட்டு நின்றுபோன ஒரு சனிக்கிழமை மாலை, விடுதியில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் ஒரு கதையைக் காட்டினார். வண்ணமற்ற படம், பழைய உடை, பழைய பேச்சு. முதலிற் சிலர் நகைத்தனர். இருபத்தைந்து நிமிடம் கழிந்தபின் நகைப்பார் ஒருவரும் இலர். இன்னொன்று காட்டுக என்றே கேட்டனர்.

அன்று கண்டது 1960 நவம்பர் 11-இல் முதன்முதல் ஒளிபரப்பான 'ஐ ஆஃப் த பிஹோல்டர்' என்னும் கதை. 'காண்பார் கண்' எனலாம். ஒரு மருத்துவமனை அறை. படுக்கையில் ஜானெட் டைலர் என்னும் பெண். அவள் முகம் முழுதும் கட்டுத்துணி. பிறர் காணக் கூசும் முகத்தோடு பிறந்தவள் அவள் என்றும், அதனைத் திருத்தப் பதினொன்றாம் முறையாக மருத்துவம் செய்யப்பட்டுள்ளது என்றும், இதுவும் பயன்படாவிடின் தன்னை ஒத்தார் வாழும் ஒதுக்கிடத்திற்கு அவள் அனுப்பப்படுவாள் என்றும் உரையாடலால் அறிகின்றோம். மருத்துவரும் செவிலியரும் கொடியர் அல்லர், இரக்கத்தோடுதான் பேசுகின்றனர். கட்டு மெல்ல மெல்ல அவிழ்கின்றது. அம்முகம் பேரழகு வாய்ந்த முகம்! மருத்துவரோ திகைத்துப் பின்னிடுகின்றார். சிறிதும் மாற்றமில்லை என்று வருந்துகின்றார். அப்பொழுதுதான் ஏனையோர் முகங்களை முதன்முறையாக நாம் காண்கின்றோம். அவரெல்லாரும் பன்றியை ஒத்த மூக்கும் கோணிய வாயும் உடையர்.

இக்கதையில் எம்மை ஈர்த்தது அவ்விறுதித் திருப்பம் மட்டும் அன்று. இருபது நிமிட நேரம் மருத்துவர் முகமும் செவிலியர் முகமும் நம் கண்ணிற் படாதபடி இயக்குநர் டக்ளஸ் ஹேஸ் நிழலாலும், முதுகாலும், திரையாலும் மறைத்து வருகின்றார். மறைக்கப்படுகின்றோம் என்று நாம் உணர்வதில்லை. இரண்டாம் முறை காணும்போதே அம்மறைப்பு விளங்குகின்றது. கட்டுத்துணி அப்பெண்ணின் முகத்தில் மட்டும் அன்று, நம் முகத்திலும் இருந்தது என்பதை அப்போது அறிகின்றோம். நடுவே சுவரிலுள்ள திரையில் அந்நாட்டுத் தலைவன் தோன்றி, அனைவரும் ஒரே தன்மையராய் இருத்தலே அரசின் உறுதி என்று முழங்குகின்றான். கதை எதைப் பற்றியது என்பதற்கு அஃது ஒரு குறிப்பு. அழகு பற்றிய கதை அன்று இது. ஒத்துப்போகாதவரை ஒதுக்கிடத்திற்கு அனுப்பும் அரசு பற்றிய கதை.

இங்ஙனம் ஒன்றைச் சொல்லி வேறொன்றைப் பெறவைத்தலுக்குத் தமிழில் பெயர் உண்டு. தண்டியலங்காரம் இதனை ஒட்டணி என்னும். பிறிதுமொழிதல் எனவும், நுவலா நுவற்சி எனவும் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. கூறாமற் கூறுதல் என்னும் பொருளுடைய இவ்விரண்டாம் பெயர் எமக்கு மிகவும் உவப்பானது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிற்பீலியே ஆயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறுகின்றார். அரசன் என்ற சொல்லோ பகைவர் என்ற சொல்லோ அக்குறளில் இல்லை. ஆயினும் எளியர் என்று எண்ணப்படும் பகைவர் பலர் ஒன்றுகூடின் வலிய அரசனும் கெடுவான் என்பதே அதன் பொருள். வண்டியைப் பற்றிக் கவலை கொண்டு அக்குறளை ஒருவரும் படிப்பதில்லை.

கூறாமற் கூறுதல் அழகு கருதி மட்டும் எழுவதா, அன்றிக் கூறினால் தீங்கு நேரும் என்னும் நிலையில் எழுவதா? செர்லிங் வரலாறு இவ்வினாவிற்கு நல்ல விடையாக அமைந்துள்ளது.

இவர் 1924 டிசம்பர் 25-இல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்கூஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றி, பிங்ஹாம்டன் என்னும் ஊரில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையிற் சேர்ந்து பிலிப்பைன்ஸ் தீவுகளிற் பொருது புண்பட்டார். மீண்டு வந்து ஒஹையோ மாநிலத்து ஆண்டியாக் கல்லூரியிற் பயின்று 1950-இல் பட்டம் பெற்றார். 1955 ஜனவரியில் ஒளிபரப்பான 'பேட்டர்ன்ஸ்' என்னும் நாடகம் அவரை ஒரே இரவிற் புகழ் பெறச் செய்தது. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்கள் வணிக நிறுவனங்களின் பொருளுதவியால் நடந்தவை. பொருள் தந்தோர் கதையினுட் கைவைத்தனர். நியூரம்பர்க்கு வழக்குப் பற்றி 1959-இல் வந்த ஒரு நாடகத்தில், நாத்சிகள் யூதரைக் கொன்ற நச்சுவாயு அறைகளைக் குறிக்கும் சொல்லும் ஒலியின்றி மறைக்கப்பட்டது; எரிவாயு விற்போர் சங்கம் அந்நாடகத்திற்குப் பொருளுதவியது என்பதே காரணம். நகைப்பதா அழுவதா என்று அறியோம்.

செர்லிங்குக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. 1955 ஆகஸ்டுத் திங்களில் சிக்காகோ நகரத்துக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், பதினான்கு வயதினன், மிசிசிப்பி மாநிலத்திற்கு உறவினரைக் காணச் சென்றவிடத்து வெள்ளையராற் கொடுமையாகக் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி விடுவித்தது. அடுத்த ஆண்டு அவ்விருவரே தம் செயலை ஒரு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டனர். இக்கொடுமையை உள்ளத்திற் கொண்டு செர்லிங் 'நூன் ஆன் டூம்ஸ்டே' என்னும் நாடகத்தை எழுதினார். 1956 ஏப்ரலில் அது காட்டப்பட்டபோது அவர் எழுதியது அங்கு இல்லை. கதை நிகழும் இடம் தெற்கிலிருந்து வடகிழக்கேயுள்ள நியூ இங்கிலாந்திற்குப் பெயர்ந்தது. கொலையுண்டவன் பெயரற்ற ஓர் அயல்நாட்டான் ஆனான். தென்மாநிலங்களை நினைவூட்டும் என்று அஞ்சிக் கோக்கா கோலாப் புட்டிகளும் காட்சியினின்று அகற்றப்பட்டன என அவரே பின்னர் எடுத்துரைத்துள்ளார். 1958-இல் மீண்டும் முயன்றார். 'எ டவுன் ஹாஸ் டர்ன்ட் டு டஸ்ட்' என்பது அந்நாடகம். அதுவும் பழைய காலத்துத் தென்மேற்கு நிலப்பகுதிக்குத் துரத்தப்பட்டது; கொல்லப்பட்டவன் மெக்சிகோ இனத்தான் ஆக்கப்பட்டான்.

இதற்குப் பின்னரே அந்திவெளி பிறந்தது. தொடர் தொடங்கும் முன்னர் 1959 செப்டம்பரில் மைக் வாலஸ் என்னும் செய்தியாளர், இனித் தொலைக்காட்சியில் இன்றியமையாச் செய்தி எதனையும் எழுதமாட்டீரோ என்று வினவினார். நாட்டுச் சிக்கல்களை ஆராய்வதே இன்றியமையாதது என்னும் பொருளிற் கேட்பீராயின், ஆம், எழுதப் போவதில்லை என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அவ்விடை முழுதும் மெய்யன்று என்பதைத் தொடரே காட்டிற்று. மிசிசிப்பியைப் பேசக் கூடாது, வேற்றுலகத்தைப் பேசலாம். வெள்ளையன் இதனைச் செய்தான் எனக் கூடாது. பன்றிமுகத்தார் செய்தனர் எனலாம். பொருள் தந்தோர் அதனைச் சிறுவர்க்குரிய விண்கதை என்று எண்ணி விட்டுவிட்டனர்.

எம் மதத்து நூலறிந்தார்க்கு இந்நிலை புதிதன்று. சாமுவேலின் இரண்டாம் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், தாவீது அரசன் உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைக் கொண்டபின், நாத்தான் தீர்க்கதரிசி அரசன் முன் வந்து நிற்கின்றார். குற்றத்தைக் கூறவில்லை. ஓர் ஊரிற் செல்வன் ஒருவனும் வறியன் ஒருவனும் இருந்தனர் என்று கதை தொடங்குகின்றார். வறியன் மகள்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துத் தன் விருந்தினனுக்குச் சமைத்தான். கேட்ட அரசன் சினம் மூண்டு அச்செல்வனுக்குத் தீர்ப்புக் கூறிவிடுகின்றான். அச்செல்வன் தாவீதே என்று நாத்தான் அதன்பின் சுட்டுகின்றார். மன்னனிடம் நேரே சொல்லியிருப்பின் அவன் காவலரை அழைத்திருக்கக்கூடும். ஆட்டுக்குட்டியின் பின்னே ஒளிந்து வந்தமையால் உண்மை அரண்மனை வாயிலைக் கடந்தது.

செர்லிங்கின் ஆட்டுக்குட்டிகளுள் யாம் தலைசிறந்ததாகக் கருதுவது 1960 மார்ச் 4-இல் வந்த 'த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்' என்பது. மேப்பிள் தெரு என்பது யாண்டும் உள்ளதொரு தெரு. கோடைக்கால மாலை; பிள்ளைகள் ஆடுகின்றனர்; ஒருவர் வண்டியைக் கழுவுகின்றார். வானில் ஏதோ ஒன்று பேரொளியோடு கடந்து செல்கின்றது. உடனே மின்சாரம், தொலைபேசி, மோட்டார் வண்டி அனைத்தும் நின்றுபோகின்றன. பீட் வான் ஹார்ன் என்பார் கையிற் சுத்தியலோடு அடுத்த தெருவைப் பார்த்து வரப் புறப்படுகின்றார். வேற்றுலகத்தார் வருமுன் மனிதரைப்போன்ற ஒரு குடும்பத்தை ஊருக்குள் அனுப்பி வைப்பர் எனத் தான் படித்த கதை ஒன்றை ஒரு சிறுவன் கூறுகின்றான். முதியோர் முதலில் சிரிக்கின்றனர்.

அப்போது லெஸ் குட்மேன் என்பாரின் வண்டி தானே உறுமுகின்றது. ஏன் அவருடையது மட்டும்? அவர் இரவில் வாயிலில் நின்று வானத்தைப் பார்த்ததுண்டு என்று ஒருத்தி நினைவு கூர்கின்றாள். உறக்கமின்மையால் நின்றேன் என்கிறார் அவர், யார் நம்புவார்? அமைதியாயிருங்கள் என்று வேண்டிய ஸ்டீவ் என்பவர் மேலும் ஐயம் பாய்கின்றது. அவர் வீட்டில் வானொலிக் கருவி ஒன்று உண்டாம், அதனை ஒருவரும் கண்டதில்லையாம். இருள் சூழ்கின்றது. தெருமுனையில் ஓர் உருவம் நடந்து வருகின்றது. சார்லி என்பான் துப்பாக்கியாற் சுடுகின்றான். விழுந்தது பீட் வான் ஹார்ன். அந்நொடியே சார்லியின் வீட்டில் விளக்கெரிகின்றது; இனிக் கல்லெறி அவன்மீது. குன்றின்மேல் நின்று நோக்கும் வேற்றுலகத்தார் இருவர், விளக்கை அணைப்பதும் ஏற்றுவதும் மட்டுமே தம் வேலை, எஞ்சியதை இம்மக்களே செய்துகொள்வர் என்று தம்முட் பேசிக்கொள்கின்றனர்.

இதில் ஒருவன் சொல்லும் எந்தச் சொல்லும் தன்னளவில் பொய்யன்று என்பதை நோக்குக. வண்டி உறுமியது உண்மை. வானத்தைப் பார்த்ததும் உண்மை. கருவி இருப்பதும் உண்மை. உண்மைகளைக் கோத்த நூலே அச்சம். அமெரிக்க நாட்டில் 1950-ஆம் ஆண்டையொட்டிப் பொதுவுடைமையர் என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்த காலத்தைப் பலர் இக்கதையிற் காண்கின்றனர். அது பொருந்தும். ஆயினும் விடுதியில் வாழ்வோர்க்கு அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. ஒருவன் பணப்பை காணாமற் போன இரவை எண்ணினாற் போதும். மற்றொரு செய்தி: வேற்றுலகத்தாரின் உடையும் விண்கலமும் 'ஃபர்பிடன் பிளானட்' என்னும் 1956-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு ஆக்கப்பட்டவற்றினின்று எடுத்துக்கொண்டவை. இரவற் சட்டைதான்! கதைக்கு அதனாற் குறைவொன்றுமில்லை.

1961 செப்டம்பர் 29-இல் வந்த 'த ஷெல்ட்டர்' இதன் உடன்பிறப்பு. பெர்லின் நகரை இரண்டாகப் பிளந்த சுவர் எழத் தொடங்கிய அடுத்த மாதம் அது. அணுகுண்டு வருமென்று அறிவிப்புக் கேட்டதும், சிறிது நேரத்திற்கு முன் மருத்துவர் ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் அவரை வாழ்த்திய அண்டை வீட்டாரே அவருடைய நிலவறைக் கதவை இடித்து நொறுக்குகின்றனர். அறிவிப்புப் பொய்யென்று தெரிகின்றது. கதவைச் செப்பனிட்டுத் தருகின்றோம் என்கின்றனர் அவர்கள். அவ்விடத்திற்கு மேல் அக்கதையைப் பற்றி யாம் ஒன்றும் கூற விரும்பவில்லை.

இனி, எம் உள்ளத்தை நெடுநாள் உறுத்திய ஓர் ஐயத்தைக் கூறுவோம். நாத்தான் கதையோடு நிற்கவில்லை. இன்னார் என்று விரல் நீட்டினார். அவ்விரல் நீளாதிருந்தால் என் ஆகியிருக்கும்? தாவீது அச்செல்வன்மேற் சினந்து, நீதி வழங்கிவிட்ட நிறைவோடு உறங்கச் சென்றிருப்பான். செர்லிங்கைப் பொருள் தந்தோர் நிறுத்திவைத்த இடம் அதுவே. கதை சொல்லலாம், விரல் நீட்டலாகாது. பன்றிமுகத்தாரைக் கண்டு வெகுண்ட அமெரிக்கன், தன் ஊர் உணவுச்சாலையின் வாயிலில் வெள்ளையர்க்கு மட்டும் என்று தொங்கிய பலகையை மறுநாட் காலை கண்டும் காணாது போயிருக்கலாம் அன்றோ?

தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தை இவ்விடத்து எண்ணிப் பார்த்தோம். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு அஃது அமையும். மருதப் பாட்டில், பொய்கையிற் புகுந்து தாமரையைச் சிதைக்கும் எருமையைத் தோழி புனைந்துரைக்கின்றாள். வாயிலில் நிற்கும் தலைவனுக்கு அவ்வெருமை யார் என்று எவரும் விளக்கவேண்டுவதில்லை. அவன் தன் குற்றத்தை அறிந்தே நிற்கின்றான். ஆகவே கூறாமற் கூறுதல் அங்கு முழுப்பயன் தருகின்றது. தாவீதோ தன்னை அறியாதவனாய் இருந்தான். அதனாலேயே விரல் வேண்டப்பட்டது. எனவே நுவலா நுவற்சியின் வெற்றி சொல்லுவான் திறத்தில் மட்டும் அன்று, கேட்பான் தன்னைத் தான் அறிந்த அளவிலும் உள்ளது. உரையாசிரியர்கள் இதனை எங்கேனும் கூறியுள்ளனரோ என்று தேடி வருகின்றோம்.

செர்லிங் ஒருமுறை விரல் நீட்டியும் பார்த்தார். 1964 மார்ச் 27-இல் 'ஐ ஆம் த நைட், கலர் மீ பிளாக்' என்னும் கதை ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டில் அந்நாள் பெரிய வெள்ளிக்கிழமை. ஒருவனைத் தூக்கிலிடும் நாளன்று ஊரிற் சூரியன் உதிக்கவில்லை. மக்கள் அவன் சாவைக் காணத் திரண்டு நிற்கின்றனர். இவ்விருள் உங்கள் உள்ளத்து வெறுப்பே என்று கறுப்பினக் குரு ஒருவர் கூறுகின்றார். முடிவில் வேறு இடங்களிலும் இருள் சூழ்ந்ததாக வானொலி அறிவிக்கின்றது. பெர்லின் சுவரின் ஒரு பகுதி, டல்லாஸ் நகரத்து ஒரு தெரு, அலபாமாவின் பர்மிங்காம். 1963 செப்டம்பரில் பர்மிங்காமில் கறுப்பினத்தார் தேவாலயத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமியர் மாண்டனர். நவம்பரில் டல்லாஸில் கென்னடி கொல்லப்பட்டார். கேட்டவர் எவர்க்கும் அப்பெயர்கள் விளக்கம் வேண்டுவன அல்ல. 1956-இல் ஒரு குளிர்பானப் புட்டியையும் காட்ட விடாத தொலைக்காட்சியில், எட்டாண்டு கழித்து ஊர்ப்பெயர்கள் ஒலித்தன.

ஆயினும் கலையளவில் அக்கதை மேப்பிள் தெருவிற்கு ஈடாகாது. மாந்தர் வாழாது பேசுகின்றனர். பேச்சும் பிரசங்கமாகவே உள்ளது. யாம் இருமுறை கண்டும் இக்கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெயர் கூறாத கதை நெஞ்சைத் துளைத்தும் கேட்பவன் தப்பிவிடுகின்றான். பெயர் கூறிய கதையில் தப்ப வழியில்லை, ஆனால் நெஞ்சு துளைபடவில்லை. எம் வகுப்பில் இதுபற்றி இரு கட்சி உண்டு. கலை குன்றினும் அன்று அப்பெயர்களைக் கூறியதே தக்கது என்பார் பக்கமே யாம் நிற்கின்றோம். நான்கு சிறுமியர் இறந்த ஆண்டில் அணியழகு பார்த்திருத்தல் தகாது.

இலக்கிய மாணவர் விட்டுவிடக்கூடாத கதைகள் இன்னும் இரண்டு உள. இரண்டிலும் நடித்தவர் பர்ஜஸ் மெரிடித். 1959 நவம்பர் 20-இல் வந்த 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' கதையில் அவர் ஹென்றி பெமிஸ் என்னும் வங்கி எழுத்தர். படிப்பதன்றி வேறொன்றையும் விரும்பாதவர். படிக்க விடாத மேலதிகாரி ஒருபுறம், பாட்டு நூலின் பக்கங்களை மையால் அழிக்கும் மனைவி ஒருபுறம். வங்கியின் காப்பறையுள் ஒளிந்து படிக்கையில் அணுகுண்டு வீழ்ந்து உலகம் அழிய, அவர் மட்டும் பிழைக்கின்றார். நூல் நிலையத்தின் படிகளில் ஆண்டுவாரியாக நூல்களை அடுக்குகின்றார். குனிகின்றார், மூக்குக்கண்ணாடி விழுந்து உடைகின்றது. அவ்வளவே கதை. லின் வெனபிள் என்பார் 1953-இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது இது. கண்ணாடி அணிந்த மாணவர் பலர் அவ்விரவு அதனைத் தலைமாட்டில் வைக்காது பெட்டியுள் வைத்துப் பூட்டினர். மக்களை மறந்து நூலை மட்டும் காதலித்தமைக்கு ஒறுப்பு என்று சிலர் இதற்குப் பொருள் கூறுவர். யாம் உடன்படோம். அம்மனிதர் ஒருவர்க்கும் தீங்கு செய்ததில்லை. படிக்க ஒரு மூலை வேண்டினார், அவ்வளவே. இது செர்லிங்கின் கொடிய கதைகளுள் ஒன்று. கொடுமையே அதன் நோக்கம்.

மற்றொன்று 1961 ஜூன் 2-இல் வந்த 'தி ஆப்சலீட் மேன்'. நூல்களை ஒழித்துவிட்ட ஓர் அரசு. ஆகவே நூலகர் ரோம்னி வர்ட்ஸ்வர்த் வேண்டாதவன் என்று தீர்ப்பாகின்றது. கடவுள் இல்லை என்பதையும் அவ்வரசே நிறுவிவிட்டதாம்! தான் சாகும் முறை ஒருவனுக்கு மட்டுமே தெரியவேண்டும், சாவை நாடே காணவேண்டும் என்று அவர் கேட்டுப் பெறுகின்றார். தீர்ப்பளித்த அதிபதியைத் தம் அறைக்கு வரவழைத்துக் கதவைப் பூட்டுகின்றார். நள்ளிரவில் வெடிகுண்டு வெடிக்கும். அவரோ மறைத்து வைத்திருந்த வேதாகமத்தை எடுத்து இருபத்து மூன்றாம் சங்கீதத்தைப் படிக்கின்றார். நேரம் நெருங்க அதிபதி நடுங்குகின்றான். கடவுளின் பெயரால் விடுவிக்க வேண்டுகின்றான். அப்பெயரைக் கேட்ட அளவிலே வர்ட்ஸ்வர்த் கதவைத் திறந்து அவனை விடுகின்றார். தாம் உள்ளேயே நின்று மாள்கின்றார். பகைவனைச் சாவோடு அடைத்து வைத்தல் கிறிஸ்தவர்க்கு அடுக்குமோ என்று எம்மவர் ஒருவர் வினவினர். வினா சரியே. ஆனால் அவனை அழிக்க அடைக்கவில்லை. ஒரு சொல் அவன் வாயில் வருமோ என்று பார்க்கவே அடைத்தார் என்பது எம் விடை. அச்சொல் வந்தவுடன் ஒரு நொடியும் தாழ்க்கவில்லை.

குறைகளையும் கூறுதல் கடன். 156 கதைகளும் ஒருதரத்தன அல்ல. ஒரு மணி நேரக் கதைகள் பலவற்றில் அரைமணிப் பொருளே உள்ளது. நகைச்சுவைக் கதைகள் பெரும்பாலும் நகைப்பூட்டுவதில்லை. 1964 மே 1-இல் வந்த 'தி என்கவுண்டர்' கதையில், பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய விமானங்கட்கு அங்கு வாழ்ந்த ஜப்பானிய இனத்தார் ஒருவர் குறிகாட்டினார் என்று ஒரு பொய்ச்செய்தி அமைந்துள்ளது. அத்தகைய காட்டிக்கொடுத்தல் நடந்ததே இல்லை. மேப்பிள் தெருவை எழுதியவர் மேற்பார்வையிலேயே மேப்பிள் தெருவார் பேச்சு ஒன்று நுழைந்துவிட்டது. அக்கதை பின்னர் நெடுங்காலம் மறு ஒளிபரப்பினின்று நீக்கி வைக்கப்பட்டிருந்தது.

செர்லிங் தொடரிலிருந்த தம் பங்கைச் சி.பி.எஸ். நிறுவனத்திற்கே விற்றுவிட்டார். பிற்காலத்தில் இத்தாக்காக் கல்லூரியில் மாணவர்க்கு எழுத்துக்கலை கற்பித்தார். 1975 ஜூன் 28-இல், இதய அறுவை மருத்துவத்தின் பின், ஐம்பதாம் வயதிற் காலமானார்.

இக்கதைகளைக் காண விரும்பும் மாணவர், முதற்கதையாகிய 'வேர் இஸ் எவ்ரிபடி'யினின்று வரிசையாகத் தொடங்கவேண்டும் என்பதில்லை. 484 மணி நேரம் தனியறையிற் கிடந்த விண்பயிற்சியாளன் ஒருவனின் மனமயக்கத்தைக் கூறும் அக்கதை, ககாரின் விண் சென்ற 1961-க்கு முன்னரே வந்தது என்பதனாற் சிறப்புடையது. முடிவு சற்றுச் சப்பென்றிருக்கும். மேப்பிள் தெருவை முதலிற் காண்க. பின்பு 'காண்பார் கண்'. அதன்பின் 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்னும் 1959-ஆம் ஆண்டுக் கதை. தன் இளமைக்கால ஊருக்கு நடந்தே சென்று, இளைஞரான தன் பெற்றோரையும் சிறுவனான தன்னையும் காண்பான் ஒருவனைப் பற்றியது. பெர்னார்டு ஹெர்மனின் இசைக்காகவே இன்னொரு முறை காணலாம். வேற்றுலகத்தார் மனிதர்க்குத் தொண்டு செய்ய வருவதாகக் கூறும் 'டு சர்வ் மேன்' கதையை, ஆங்கிலத்திற் சிலேடை உண்டோ என்று கேட்கும் நண்பரோடு இருந்து காண்க. தொண்டு செய்தலுக்கும் இலையிற் பரிமாறுதலுக்கும் அம்மொழியில் ஒரே சொல் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிட வேண்டா.